வாளுக்கு எண்ணெய்

“மரமறுக்குற வாளுக்கு எண்ணெய் வேணும் நானா. நல்லதாப் பாத்துக் குடுங்க.”

பதுளையில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் ஜுனைதீன் தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்தார்.

“இது வேணாங்க. நமுனுகுல மலைக் குளிருக்கு உறைஞ்சிரும். வாள் பாதி மரத்துலயே இறுகிக்கும்.”

“அப்ப மண்ணெண்ணெய் தரவா?”

“நாலு இழுப்புக்குக்கூட நிக்காது. காஞ்சிரும்.”

ஜுனைதீனுக்கு எரிச்சலாக இருந்தது. முப்பது வருஷமாக எண்ணெய் விற்கிற தனக்கே பாடம் நடத்துகிறானே என்று நினைத்துக்கொண்டு, விளக்கெண்ணெயை நீட்டினார். வந்தவன் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

“இதுதாங்க. ரெண்டு போத்தல் குடுங்க.”

அந்த விரலில் மைக்கறை இருந்தது. உள்ளங்கையில் ஒரு காய்ப்புக்கூட இல்லை.

“வாள் புடிச்ச கையாத் தெரியலியே தம்பி?”

“புடிச்சதே இல்லைங்க. தோட்டத்து ஆபீசுல எழுத்து வேல பாக்குறேன்.”

“பொறகு இவ்வளவும் எப்படித் தெரியும்?”

“போன மாசம் மழையில பசறை ரோட்டுல ஒரு மரம் சாஞ்சிருச்சு. மரமறுக்குறவங்க ரெண்டு பேர் ஓடி வந்து அறுத்தாங்க. மொதல்ல ஊத்துன மண்ணெண்ணெய் நாலு இழுப்புல காஞ்சிருச்சு. வாள் இறுகுறப்பல்லாம், உறைஞ்ச தேங்காய் எண்ணெயை உள்ளங்கைச் சூட்டுல உருக்கி உருக்கிப் பூசினாங்க. கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அப்பவும் விடல.”

“ஓஹோ, பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்களாக்கும்.”

“நிக்கலைங்க. அந்த மரத்துக்கு அடியில கெடந்தேன். இந்த எண்ணெய் அவங்களுக்குத்தான்.”