உடையாத கார்டு

“உங்க கார்டைக் கொடுங்க சார்.”

அதை மட்டும் மேனேஜர் சிவகுருநாதனிடம் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே குணவதியை எச்சரித்திருந்தார்கள். சிப் பதித்த அந்தக் கார்டு கையெழுத்துப் போட்டால்தான் அதைத் தயாரிக்கும் பாயான் பாரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் எந்த உத்தரவும் செல்லும்.

“திமிரைப் பாருங்க பாஸ்!” என்று டைரக்டர் பக்கம் திரும்பினார் சிவகுருநாதன்.

“கொடுங்க லா. அவதானே டெஸ்ட் எஞ்சினியர்,” என்றார் டைரக்டர் நூர் முகம்மது.

பதினொரு மாதம் முடிந்ததும் நிறுத்தப்பட்டு, மறுபடி ‘புதிதாக’ எடுக்கப்படும் ஒப்பந்தப் பெண்கள் முப்பத்திரண்டு பேரை நிரந்தரமாக்கி ஓர் உத்தரவு வந்திருந்தது. அடியில் சிவகுருநாதனின் கார்டுக் கையெழுத்து.

“நான் போடல! எவனோ சிப்பை உடைச்சிட்டான். கரண்டைச் சட்டுனு குறைச்சா சிப் தடுமாறி, தப்பாக் கையெழுத்துப் போடுமாம். அப்படி ஒண்ணு கெடைச்சாப் போதும், உள்ள இருக்கிற ரகசிய நம்பரைக் கறந்திடலாமாம். அப்புறம் கார்டே வேணாம், என் கையெழுத்தை எவனும் போடலாம்!”

டைரக்டரின் முகம் வெளிறியது. “இதே கார்டை வாங்கத்தானே அடுத்த வாரம் பேங்க்காரங்க வர்றாங்க?”

“சோதிச்சிடலாம்,” என்றாள் குணவதி.

“பாஸ், இவ அம்மா வள்ளியம்மா பேரும் லிஸ்ட்ல இருக்கு!”

“ஆமா, இருக்கு. பத்து காவான் ஊர்லேருந்து எட்டு வருஷமா வந்து வந்து புதுசா சேர்றாங்க. அதனாலதான் உங்க கண்ணு முன்னாலயே செய்யறேன்.”

கார்டைக் கருவியில் செருகினாள். மின்சாரத்தை ஒரு கணம் குறைத்தாள். சரியான கையெழுத்து. மறுபடி குறைத்தாள். சரியான கையெழுத்து. நாற்பது தடவை ஆனது.

“இன்னும் குறை! இன்னும் கொஞ்சம்!” சிவகுருநாதனுக்கு வியர்த்தது.

“இதுக்கு மேல குறைச்சா சிப் செத்துடும் சார். கார்டு உடையல. அப்ப போட்டது நீங்கதான். இல்லைன்னா நம்ம கார்டு ஓட்டைன்னு பேங்க்குக்கு எழுதிக் கொடுங்க.”

டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “போதும் லா, சிவா. முப்பத்திரண்டு பேரும் பெர்மனன்ட். ஏதோ ஞாபகத்துல போட்டுட்டீங்க, விடுங்க.”

குணவதி கார்டை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

போன மாதம் மேனேஜரின் கார்டு செருகியிருந்த மேசைக் கருவியைப் பழுது பார்க்கும் சாக்கில், இன்று குறைத்ததைவிடச் சற்றே கூடுதலாக மின்சாரத்தைக் குறைத்தபோது, முதல் தடவையிலேயே உளறி ரகசிய எண்ணை அவளிடம் ஒப்படைத்த கார்டு அது. இன்று அந்த அளவுக்குப் போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.