சாப்பிடாதவனுக்கு வண்டி கிடையாது

“யோவ் கெழவா! உன் வண்டிய இன்னிக்கு வேற டிரைவருக்குக் குடுத்தாச்சு. போய்ப் போத்திக்கிட்டுப் படு!”

கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு வந்தான் அந்தக் காக்கிச் சட்டைக்காரன். கையில் நீள நோட்டு, காதில் பென்சில், தோளில் தொளதொளவென்று தொங்கும் சட்டை. குனிந்துகூடப் பார்க்காமல் செருப்பைக் கழற்றி, செருப்பு அலமாரியின் அடித்தட்டுக்குள் காலாலேயே தள்ளினான்.

நர்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இந்த வீட்டுக்குள் நுழைந்தே நாலு மணி நேரம்தான் ஆகிறது. வழக்கமாக வருகிறவளுக்குக் காய்ச்சல் என்று ஏஜென்சி இவளை அனுப்பியிருந்தது. பெரியவரின் மருமகள் ஆபீஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பாதி சொன்னாள், மீதியை விழுங்கிவிட்டாள்.

மாமனார் பஸ் டிரைவராக இருந்தவர், ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆகிறது. இப்போது பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரிவதில்லை. ரெண்டு நாளாக ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் நாளை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவதாக டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மருமகள் சொன்ன பாதி இவ்வளவுதான்.

காலையிலிருந்து நர்ஸும் தேனொழுகப் பேசிப் பார்த்துவிட்டாள். “தாத்தா, எனக்காக ஒரே ஒரு வாய்!” பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். “நீ யாரு?” என்று கேட்டதோடு சரி. தட்டில் சாப்பாடு ஆறிக் காய்ந்துகொண்டிருந்தது.

அதே பெரியவர் இப்போது கட்டிலில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“வந்துட்டான் பாரு டைம்கீப்பர்! என் வண்டிய எவன்டா எடுப்பான்?”

“சாப்பிட்டவன் எடுப்பான். டெப்போ ரூல் மறந்துபோச்சா? டிபன் பாக்ஸக் காலியாக் காட்டினாத்தான் டிரிப் ஷீட்ல என் கையெழுத்து. வெறும் வயித்தோட போய், மயக்கம் போட்டு, அம்பது பேரக் கொல்லப்போறியா?”

“முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்கேன்டா. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினது கிடையாது!”

“வாய் நல்லாத்தான் ஓடுது. வண்டி எங்க ஓடிச்சு?”

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நினைவு தப்பிப்போன மனுஷனிடம் வந்து, இல்லாத பஸ்ஸுக்குச் சண்டை போடுகிறானே, இவனெல்லாம் ஒரு ஜென்மமா? இரண்டு பேருக்கும் குறுக்கே போய் நின்றாள்.

“சார், அவர் உடம்புக்கு முடியாதவர். முதல்ல வெளிய போங்க.”

“நீங்க நடுவுல வராதீங்க.” அவள் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. பெரியவரின் மூக்குக்கு நேரே நோட்டை ஆட்டினான். “இந்தா, உன் பேர அடிச்சிடறேன். இனிமே நீ பஸ் கழுவத்தான் லாயக்கு.”

“அடிச்சுத்தான் பாரேன், கைய ஒடச்சிடறேன்!”

பெரியவர் நர்ஸை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தட்டை இழுத்தார். அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு வாய்க்கு ஒரு வசவு என்று கணக்காக வந்து விழுந்தது. அவன் அப்பனையும் விடவில்லை, பாட்டனையும் விடவில்லை.

“தண்ணி குடிக்காதவனுக்கும் வண்டி கிடையாது,” என்றான் அவன்.

ஒரு செம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தார்.

“மாத்திரை?”

“போடறேன்டா! ஏம்மா, எங்க அந்த மாத்திரை? இவன் முன்னாலயே போடறேன், கண்ணு குளிரப் பாக்கட்டும்.”

நர்ஸ் எடுத்து நீட்டினாள். விழுங்கிவிட்டுத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார் பெரியவர். “காலி! போடுடா கையெழுத்த!”

போட்டான். அவர் நோட்டைப் பிடுங்கி, உற்றுப் பார்த்து, அவன் மார்பிலேயே விட்டெறிந்தார்.

“கண்ணு முன்னால நிக்காத, போ! நீ உருப்படவே மாட்ட. உன்னப் பெத்தவன் என்ன பாவம் பண்ணானோ!”

அவன் குனிந்து நோட்டைப் பொறுக்கிக்கொண்டு, காலித் தட்டோடு சமையலறைக்குள் போனான். பெரியவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்ட திருப்தியில் சாய்ந்தார்.

நர்ஸ் விடுவதாக இல்லை. கையில் போனோடு பின்னாலேயே போனாள். போலீஸா, ஏஜென்சியா, யாரை முதலில் கூப்பிடுவது என்பதுதான் பாக்கி. அவன் குழாயைத் திறந்துவிட்டு, தட்டைக் கழுவாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

“உங்க வயசென்ன, அவர் வயசென்ன? பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது? முடியாத மனுஷனப் போய் இப்படி விரட்டறீங்களே, மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

அவன் தட்டைத் தொட்டிக்குள் வைத்தான். அவளுக்கு இன்னும் ஏறியது.

“சாப்பிட வைக்கணும்னா அன்பாச் சொல்லக் கூடாதா? நல்லவிதமா ஒரு தடவையாவது சொல்லிப் பாத்தீங்களா?”

அவன் குழாயை மூடினான். காக்கிச் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“ரெண்டு நாளா பேரனாத்தான் சிஸ்டர் வந்து கெஞ்சினேன்... ஒரு வாய் வாங்கலையே!”