கம்பவுண்டர் ஒட்டிக் கொடுத்த உறை

“நல்லதா எழுதியிருந்தா எதுக்குடி ஒட்டிக் குடுக்குறாரு? தொறந்தே குடுத்திருக்கலாம்ல?”

மிஷன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்கான கஞ்சியைக் கிண்டிக்கொண்டே வேளாங்கண்ணி கேட்டாள். அடைக்கலமேரி கையிலிருந்த உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். எழுத்து அரைப் பக்கம்கூட இல்லை.

நாலு வருஷ உழைப்புக்கு அரைப் பக்கம்!

காலையெல்லாம் மருந்து அறையில் புட்டி கழுவி, களிம்பு அரைத்து, மாத்திரை உருட்டினாள். மத்தியானம் சிஸ்டரிடம் பாடம் கேட்டு எட்டாம் வகுப்புத் தேறினாள். சாயங்காலம் கோவில் பாட்டுக் குழு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள், எழுதினாள். பட்டணத்தில் பெண்களுக்கான கம்பவுண்டர் படிப்பு; இந்த வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். நாளைக் காலை திருச்சியில், ஆள் தேர்ந்தெடுக்கும் டாக்டரம்மாவைப் பார்த்து, கம்பவுண்டர் குழந்தைசாமி தந்த நற்சாட்சிக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். பஸ் இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு.

“அவரு அக்கா மக ஜெபமாலையும் அதே எடத்துக்குத்தான மனுப் போட்டிருக்கா?” என்றாள் வேளாங்கண்ணி.

“ஆமாக்கா.”

“பெறகென்ன? சொந்தத்த விட்டுட்டு ஒனக்கு எழுதுவாராக்கும்!”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. விராலிமலை டிஸ்பென்சரிக்கு வாரம் தவறாம அபினும் விஷ மருந்தும் பொட்டலமாக் கொண்டுபோனவ நானு. ஒட்டுனது ஒட்டுனபடி அங்க மருந்து வாங்கி வைக்கிற மைக்கேல்சாமி அண்ணன்கிட்டக் குடுப்பேன். அவரும் ஒட்டுன எடத்த ஒருதரம் வெளிச்சத்துல பாத்துட்டு உள்ள வச்சுக்குவாரு. ஒரு நாளாச்சும் ஒரு சொல்லு வந்திருக்கா? அந்த நெனப்புக்கூடவா இருக்காது?”

“நெனப்பு இருக்கும்டி. போன மாசம் சனத்துக்கு முன்னாடி நீ அவர மட்டந்தட்டுன நெனப்பும் இருக்கும்ல?”

மேரிக்குச் சுருக்கென்றது. மிக்சர் புட்டியில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஒட்டும் அளவுத் தாளில் அன்று கம்பவுண்டர் கையால் ஆறு வெட்டுக்குப் பதில் எட்டு விழுந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். கம்பவுண்டர் முகம் சிவந்துபோனது. “சரி, மாத்து” என்றார், அவ்வளவுதான். திட்டித் தீர்த்திருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

“அதுவும் இன்னைக்கு எழுதி முடிச்சதும் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு அலமாரியில ஏதோ ஒரு புட்டியத் தொறந்தாருக்கா. பெறகுதான் ஒட்டுனாரு.”

கரண்டி நின்றது. “கடுதாசிக்கு எதுக்குடி மருந்துப் புட்டி?”

“தெரியலையே. ‘வழியில யாருகிட்டயும் குடுக்காத, டாக்டரம்மா கையிலதான் குடுக்கணும்’னு மட்டும் சொன்னாரு. என் மொகத்தக்கூடப் பாக்கல.”

“எங்கயோ இடிக்குது மேரி. கஞ்சி ஆவியில ரெண்டு நிமிசம் காட்டு, பசை தானா விட்டுரும். நல்லதா இருந்தா திரும்ப ஒட்டிப்புடலாம். மோசமா இருந்தா அடுப்புல போட்டுட்டு சிஸ்டர்கிட்ட வேற வாங்கிக்க. ஒனக்குக் குழி தோண்டுன கடுதாசிய நீயே சுமந்துக்கிட்டுப் போவியா?”

மேரி வாசல் பக்கம் பார்த்தாள். யாருமில்லை. ஒரு மனம் வேண்டாம் என்றது. இன்னொரு மனம் ஜெபமாலை பட்டணத்துக்கு ரயிலேறுவதைக் காட்டியது. அவள் உறையைக் கஞ்சிப் பானைக்கு மேலே பிடித்தாள்.

பசை இளகியது. நகத்தால் மெல்லக் கிளப்பினாள். ஒட்டு பிரிந்த இடமெல்லாம் ஊதா நிறம் திட்டுத்திட்டாகப் பரவியது. அவள் விரல்களிலும் ஏறியது.

“ஐயோ, புண்ணுக்குப் போடுற ஊதா மருந்துக்கா!”

அதைக் கரைத்துக் கொடுப்பவளே அவள்தான். பசை படாமல் ஒட்டுக்கு உள்பக்கமாகக் காய்ந்த பொடியை ஒரு சிட்டிகை தூவினால் கண்ணுக்கே தெரியாது. ஈரம் பட்டுவிட்டாலோ எந்தச் சோப்புக்கும் போகாது.

“அழிக்க முடியாதாடி?”

“முடியாதுக்கா.”

“போகுது, உள்ள என்ன எழுதியிருக்குன்னு படி மொதல்ல!” வேளாங்கண்ணிக்குப் படிக்கத் தெரியாது.

மேரி தாளைப் பிரித்துப் படித்தாள்.

“டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் அக்காள் மகளும் மனுப் போட்டிருக்கிறாள். அவளுக்கு நான் கடிதம் கொடுக்கவில்லை. என் தவற்றை என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இந்தப் பெண்ணுக்குத்தான் கொடுக்கிறேன். விஷ மருந்துப் பொட்டலம் அனுப்பும்போது ஒட்டுக்குள் ஊதாப் பொடி தூவுவது என் வழக்கம், ஈரப்படுத்திப் பிரித்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இது இவளுக்குத் தெரியாது. நான்கு வருஷத்தில் இவள் கொண்டுபோன ஒரு பொட்டலத்திலும் ஊதா தெரிந்ததில்லை. இந்த உறையிலும் அதே பொடியைத் தூவி இவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டு வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். இவளுக்கு நான் தரும் நற்சாட்சி அதுதான்.”