நெற்றியில் எழுதியது

அந்த அம்மாளின் நெற்றியில் இருந்த எழுத்துகளை அவன் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

எழுதியதும் அவன்தான்.

போன வருஷ ஊரடங்கில். திண்டுக்கல் மார்க்கெட்டில் காய் வாங்க வரிசையில் நின்றவர்களை யாரோ எடுத்த படம் ஒரு குரூப்பில் வந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஒருத்தி சிரிக்கிறாள். அவள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, நெற்றியில் கொட்டை எழுத்தில் போட்டான்.

'கொரோனாவா? எனக்கெல்லாம் வராதுப்பா!'

ஊரெல்லாம் சுற்றியது. பரீட்சைக்கு ஒரு வரி, கல்யாணத்துக்கு ஒரு வரி, கேஸ் விலைக்கு ஒரு வரி என்று ஆளாளுக்கு மாற்றினார்கள்.

சிரிப்பை யாரும் மாற்றவில்லை.

இன்று காலை அவனுடைய மீம் பக்கத்துக்கு ஒரு செய்தி. பாண்டீஸ்வரி என்று ஒரு பெண்.

'அண்ணா, உங்க பக்கத்துல வந்த மீம்ல இருக்கது எங்க அம்மா. முந்தாநாள் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. கொரோனா. முகத்தைக்கூடக் காட்டல. அம்மா போனையும் காணோம். எழுத்து இல்லாத படம் இருந்தா அனுப்புங்க. மாலை போட வேற படம் இல்ல. ஆதார்ல இருக்கது அம்மா மாதிரியே இல்ல.'

மூன்று தடவை படித்தான்.

முதல் படம் அவனிடம் இல்லை. போன் மாற்றியபோது போய்விட்டது. தெரிந்த குரூப்பிலெல்லாம் கேட்டான். மதியத்துக்குள் முப்பது படம் வந்தது.

முப்பதிலும் நெற்றியில் ஏதோ ஒரு வரி.

வேறு வழி இல்லை. கன்னத்திலிருந்து தோல் நிறத்தை எடுத்து எழுத்துகளின் மேல் பூசினான். முன்முடியை இழை இழையாக வரைந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

நெற்றி துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

எழுத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை.

'அம்மா பொட்டு வைப்பாங்களா?'



'வைப்பாங்க. அப்பா போன பிறகும் விடல. சின்னதா, கருப்பு ஸ்டிக்கர் பொட்டு. நடுவுல இருக்காது அண்ணா. கண்ணாடி பாக்காமத்தான் ஒட்டுவாங்க. எப்பவும் இடது பக்கம் தள்ளியே இருக்கும்.'

'அவங்க இடதா, நாம பாக்குற இடதா?'

'அவங்க இடது.'

வைத்தான். கொஞ்சம் நகர்த்தினான். அனுப்பினான்.

'அம்மாதான்.'

பிறகு இன்னொன்று வந்தது.

'மேல இருந்த அந்தக் கொரோனா வரிய எழுதினது யாருன்னு தெரியுமா அண்ணா?'

நாற்காலியை விட்டு எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான்.

'நான்தான்.'

படித்துவிட்டாள்.

சாயங்காலம் அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். 'எங்க அம்மா நாகஜோதி' என்று மட்டும் எழுதி.

கீழே சிரிப்புக் குறிகள் விழ ஆரம்பித்தன. எல்லோருக்கும் தெரிந்த முகம் அல்லவா.

ஏழு. பன்னிரண்டு. பத்தொன்பது.

அவன் பட்டியலைத் திறந்தான். முதலில் சிரித்திருந்தவனின் பெயரைத் தட்டினான்.

'தம்பி, இது மீம் இல்ல' என்று எழுதத் தொடங்கினான்.