மாத்திரைக்கும் டீக்கும் நடுவில்

"இவ மாத்திரை போடுததே இல்ல, டாக்டரம்மா. அதான் ஏறிக்கிட்டே போகுது" என்றார் சிராஜுதீன்.

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவர் மனைவி நஃபீஸத் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். முகம் ஊதியிருந்தது. கண் இமைகள் தூக்கத்தில் இருந்து எழுந்தவளைப் போலத் தடித்திருந்தன. கணவர் சொன்னதை அவள் மறுக்கவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து வண்ணார்பேட்டைக்கு, இந்த டாக்டரிடம், இதற்கு முன் இரண்டு தடவை அவர் மட்டும்தான் ரிப்போர்ட்டோடு வந்தார். நஃபீஸத்துக்குப் படியிறங்கவே அசதி. இரண்டு தடவையும் டாக்டர் பாக்கியவதி மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். இந்த முறை, ஆளைக் கூட்டி வராமல் எழுத மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

முதல் தடவை ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்ததைப் பார்த்து சிராஜுதீன் சந்தோஷப்பட்டார். தைராய்டு நன்றாகச் சுரக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்.

அது தலைகீழ் என்று டாக்டர்தான் விளக்கினார். கழுத்திலிருக்கும் சுரப்பி சோம்பிக் கிடந்தால், அதை எழுப்ப மூளைக்கு அடியிலிருந்து ஒரு அதட்டல் வரும். அந்த அதட்டலின் அளவுதான் டி.எஸ்.எச். எண் ஏறினால் மருந்து போதவில்லை, இல்லையென்றால் உடம்பில் சேரவில்லை.

அன்றிலிருந்துதான் அவருக்கு மனைவி மேல் சந்தேகம். சார்ஜாவில் இருபத்தெட்டு வருடம் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு பெட்டி காணாமல் போனால் எந்தக் கை எடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளையும் கேட்டார். நஃபீஸத் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"மாத்திரைய எப்படிப் போடுதீங்கம்மா?"

நஃபீஸத் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். சிராஜுதீன் பதில் சொன்னார்.

"நானே குடுக்கேன். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து, நானே டீ போட்டு, மாத்திரையும் டீயும் சேத்து அவ கையில குடுத்துருதேன். பொறவு அவ என்ன செய்யுதாளோ."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பால் டீயோடு விழுங்கினால் இந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்றார். வெறும் வயிற்றில், தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. அளவைக் கூட்டுவதற்கு முன்னால் தானும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, சிராஜுதீன் பக்கம் திருப்பி வைத்தார்.

ஐந்து வருடமாக மூன்று, மூன்றரை, இரண்டு புள்ளி எட்டு. போன வருடம் மே மாதம் வரைக்கும் அப்படித்தான்.

ஆகஸ்டில் ஒன்பது. டிசம்பரில் பதினாறு. இப்போது இருபத்தேழு.

சிராஜுதீன் இனி சார்ஜாவுக்குப் போவதில்லை என்று பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தது ஜூன் மாதம்.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நேற்றுக் காலையில், மருமகள் ஃபஹ்மிதா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அவர் நஃபீஸத்தை வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். செல்போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தார். ஃபஹ்மிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

இப்போது அவருக்குக் காது இரண்டும் சுட்டன. எழுந்து போய்க் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது.

டாக்டர், கூட்டியதையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய எழுபத்தைந்து மைக்ரோகிராமையே எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொன்னார். சீட்டை நஃபீஸத்தின் கையில் கொடுக்கும்போது கேட்டார்.

"முத நாளே இதெல்லாம் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனேம்மா?"

நஃபீஸத் ஆமாம் என்று தலையசைத்தாள்.

பெஞ்சில் இருந்தவர்களைக் கடந்து வெளியே வருவதற்குள் சிராஜுதீனுக்கு வேர்த்துவிட்டது. ரோட்டோரம் ஆட்டோவுக்காக நின்றார்கள். இரண்டு டவுன் பஸ் போன பிறகு அவர் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நஃபீஸத்தின் குரல் கட்டிப்போயிருந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான்.

"எனக்கு யாரும் டீ போட்டுத் தந்ததில்ல. தண்ணி போதும்னு சொன்னா, செம்ப வச்சிட்டுப் போயிருவீங்க."

ஆட்டோக்காரர் எங்கே போகணும் அண்ணாச்சி என்று கேட்டார். நஃபீஸத்தான் இடத்தைச் சொன்னாள்.

மறுநாள் காலை, தொழுதுவிட்டு வந்து, மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொடுத்தார். அவள் விழுங்கினாள். போய்விடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

டீக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் என்று வந்து போனவர். வந்தால் கல்யாண வீடு, துக்க வீடு, கட்டட வேலை. இப்படி வேலையில்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தார். வாயில் வந்தது வேறு கேள்வி.

"இந்தத் தைராய்டு ஒனக்கு எப்ப வந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

நஃபீஸத் தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"சொன்னேன்" என்றாள். "மூணு தடவ போன்ல சொன்னேன்."