முதல் பெயர்

மழைக்கு எத்தனை நாள் முன்னால் புற்று ஈரமாகிறது என்று எறும்பு மூன்று வருஷம் அளந்து கட்டுரை எழுதியது. துறைத்தலைவர் யானை அதில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டது.

"நீங்கள் ஒருநாள்கூடப் புற்றுப் பக்கம் வரவில்லையே, ஐயா?"

"என் நிழலில் உட்கார்ந்துதானே அளந்தாய்?"

எறும்பு புகார்க் குழுவிடம் போனது. தலைவர் நாற்காலியிலும் அதே யானை.

"நன்றாக விசாரித்துவிட்டேன். என் மேல் தப்பு இல்லை" என்றது.

'இதற்குப் பெயர் விசாரணையாம்!' என்று எறும்பு தலையில் அடித்துக்கொண்டது.

ஒரே வாரத்தில் அடுத்த கட்டுரையோடு வந்தது. யானை தலைப்பைக்கூடப் பார்க்காமல், முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டது.

மறுமாதம் கட்டுரை இதழில் வெளிவந்தது. தலைப்பு: "படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் யானைகள்: ஓர் ஆய்வு."