யூட்டின் உயரம்

மீன் விற்கும் பிலோமினா எப்போதும் கூட்டித் தரச் சொல்லித்தான் பேரம் பேசுவாள். குறைக்கச் சொல்லி அவள் மன்றாடியது மகனின் சிலைக்கு மட்டும்தான். சண்டைக்குள் காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடிச் செத்த யூட்டுக்கு ஊர்ச் சங்கத்தார் சந்தியில் சிலை வைக்கிறார்கள். சிற்பியின் கொட்டிலில் ஆறடி உயரத்தில் மீசையோடு யாரோ நின்றான்.

"ஆரது இந்த மாப்பிள்ளை?" என்று சங்கத் தலைவரைக் கேட்டாள். "என்ர பிள்ளை இவ்வளவுதான்." கையை நெஞ்சளவில் நீட்டிப் பிடித்தாள். "உயரத்தைக் குறையுங்கோ."

"உள்ளபடி வைச்சா, இந்தச் சின்னனை ஆர் அங்க விட்டதெண்டு சனம் கேக்குமெல்லோ அக்கா?"

"அதைத்தானே நான் அவன் செத்த நாளில இருந்து கேக்கிறன். பதில் சொன்னனீங்களோ?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, மீசையை எடுக்கிறம்" என்று கொஞ்சம் இறங்கி வந்தார். அதற்குமேல் ஒரு அங்குலமும் இறங்கவில்லை.

திறப்பு விழா முடிந்து கூட்டம் கலைந்தபின் பீடத்தருகே போனாள். அவளுக்குக் கால்விரல்கள்தான் எட்டின.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் நல்ல நெரிசல். பிலோமினாவின் கை, கொட்டிலில் காட்டியதுபோல, மறுபடியும் நெஞ்சளவில் நீண்டிருந்தது. அந்தக் கைக்குக் கீழே மட்டும், ஒரு ஆள் நிற்குமளவு இடம் விட்டு எல்லாரும் தள்ளி நின்றார்கள்.